திருகோணமலையில் தேன் வாங்கி விற்க நினைப்பவருக்கு: சீனியைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள்

கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். மூதூர், வெருகல் பக்கம் காட்டில் தேன் எடுக்கும் சிலரைத் தெரியும், தம்பலகாமத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் இரண்டு பேரையும் தெரியும். அவர்களிடம் வாங்கி, வீட்டில் வடித்து, போத்தலில் அடைத்து, சொந்தப் பெயர் ஒட்டி விற்கலாமா என்று கேட்கிறீர்கள். தேன் சுத்தமானதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்றும் கேட்கிறீர்கள். இரண்டு கேள்வி போல இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. உங்கள் கைக்கு வருவதற்கு முன் அந்தத் தேனுக்கு என்ன நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குப் பதில் கிடைத்தால் தொழில் நடக்கும். போத்தல், லேபல், பேஸ்புக் பக்கம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதுதான் விளங்கும். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஓர் உணவு ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். பிறகு திருகோணமலைக்கு வந்து, கணவரும் மாமியும் நானுமாக 14 வருடமாகத் தேன் வாங்கி விற்கிறோம். வீட்டின் பின் அறைதான் எங்கள் தொழிற்சாலை. வாங்குவது, வடிப்பது, வைத்திருப்பது, விற்பது பற்றி உறுதியாகப் பேசுவேன். தேனீ வளர்ப்பில் ஆறு பெட்டிக்கு மேல் நான் பராமரித்ததில்லை, ஆகவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன்.

நீங்கள் எழுதியிருந்த நான்கு வீட்டுச் சோதனைகளில் தொடங்குகிறேன். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போவது, தீக்குச்சியில் தடவிக் கிழித்தால் பற்றுவது, கடதாசியில் ஊறாதது, எறும்பு மொய்க்காதது. இந்த நான்கும் சுத்தத்தைக் காட்டாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மூன்றும் தேன் எவ்வளவு தடிப்பு என்பதைத்தான் காட்டுகின்றன. தடிப்பாகக் காய்ச்சிய சீனிப் பாணி மூன்றிலும் தேறிவிடும். என் கண் முன்னால் வதையில் (தேனடையில்) இருந்து வடித்த, ஒரு துளி கலப்படமில்லாத தேன் மூன்றிலும் தோற்றிருக்கிறது. எறும்பு விஷயம் இன்னும் வேடிக்கை. எங்கள் அறையில் மேசைக் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தி வைத்திருக்கிறோம், எறும்புக்கு அந்தச் சாத்திரம் தெரியாது.

சீனி கலந்ததை உறுதியாகப் பிடிக்க ஆய்வுகூடம் வேண்டும். கரும்பும் சோளமும் காற்றில் இருந்து காபனை எடுக்கும் முறை வேறு, தேனீ போகிற பூமரங்கள் பெரும்பாலும் எடுக்கும் முறை வேறு. அந்த வித்தியாசம் காபன் சமதானிகளின் (நிறை வேறுபட்ட காபன் அணுக்களின்) விகிதத்தில் தங்கிவிடும். தேனில் இருக்கும் துளிப் புரதத்தையும் முழுத் தேனையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால், கரும்புச் சீனியோ சோளப் பாணியோ 7 வீதத்தைத் தாண்டும்போது பிடிபடும். ஆனால் அரிசியில் இருந்து செய்யும் பாணி இந்த வலையில் விழாது, நெல் அந்தப் பூமரங்களின் வழியில் போகிற பயிர். அதைப் பிடிக்க இன்னும் விலைகூடிய கருவிகள் வேண்டும். ஆகவே 'நூறு வீதம் சுத்தம்' என்று போத்தலில் அச்சடிப்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இது இன்னாரிடம், இந்த மாதம், இந்த இடத்தில் எடுத்தது, வாங்கும்போது நீரளவு இவ்வளவு இருந்தது. அதற்கு மேல் நான் சத்தியம் செய்வதில்லை.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் எல்லோரும் சீனியைப் பற்றியே பயப்படுகிறார்கள். எங்களைக் கவிழ்த்தது சீனி அல்ல. இரண்டாவது வருடம் நல்ல மலிவாக 60 போத்தல் தேன் கிடைத்தது. தகரக் கூரை போட்ட பின் அறையில் அடுக்கி வைத்தோம். ஆறு வாரத்தில் மூடிகள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. நிலாவெளியில் ஒரு விடுதிக்குக் கொடுத்த போத்தல் காலைச் சாப்பாட்டு மேசையில் திறந்தபோது நுரை பொங்கி மேசை விரிப்பெல்லாம் வழிந்ததாம். விடுதிக்காரர் எங்களைக் கள்ளர் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவும் இல்லை. மிச்சத்தை அளந்து பார்த்தேன், நீரளவு 23 வீதம். அந்தத் தேனில் கலப்படம் கிடையாது. எடுத்தவர் நேர்மையான மனிதர். தேன் பழுக்கவில்லை, அவ்வளவுதான்.

பூவில் இருந்து தேனீ கொண்டுவருவது தண்ணீராக இருக்கும். அதைக் கூட்டில் வைத்துச் சிறகால் விசிறி வற்றவைத்து, போதும் என்று பட்டதும் அறையை மெழுகால் மூடும். மூடிய அறையில் இருப்பதுதான் பழுத்த தேன். நீரளவு 17 வீதத்துக்குக் கீழே இருந்தால் தேனில் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்), அதாவது நொதிக்கவைக்கும் நுண்ணுயிர், வேலை செய்யாது. அங்கிருந்து மேலே ஏற ஏற நொதிக்கும் ஆபத்து கூடும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் 20 வீதம்தான் எல்லை. நம் நாட்டுத் தேனீக்களின் தேன் இயல்பிலேயே கொஞ்சம் இளக்கம், 21, 22 என்று வருவது சாதாரணம். போத்தலைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தால் அசல் காட்டுத் தேன் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் காற்று, தேன் கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆகவே முதல் செலவாக தேனுக்கென்று அளவு போட்ட ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்று வாங்குங்கள். கையடக்கமான கருவி. கண்ணாடியில் ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நீரளவு தெரியும். வெப்பநிலைத் திருத்தம் தானாகச் செய்யும் வகையாக வாங்குங்கள். வதை எடுப்பவரின் முற்றத்திலேயே, அவர் கண்ணாலும் பார்க்கும்படி அளக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து 'உன் தேன் தண்ணீர்' என்று தொலைபேசியில் சொன்னால் உறவு அன்றோடு முடியும். போத்தல் கணக்கில் வாங்குவதையும் விடுங்கள், தராசில் வாங்குங்கள். 20 வீத நீருள்ள தேன் 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 1 கிலோ 50 கிராம் பிடிக்கும். சாராயப் போத்தலில் கழுத்து வரையா, மூடி வரையா என்று தொடங்கும் சண்டை தராசு வந்ததும் ஓய்ந்துவிடும்.

இனி ஆட்களைப் பற்றி. நம் மாவட்டத்தில் தேன் நான்கு வகைத் தேனீயிடம் இருந்து வருகிறது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒரே பெரிய வதையாகத் தொங்குவது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பர. மரப்பொந்திலும் கறையான் புற்றிலும் வரிசையாகப் பல வதை கட்டுவதுதான் பெட்டிக்குள் வளர்க்கக்கூடியது. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற இத்தாலியத் தேனீ இலங்கையில் வளர்ப்பில் இல்லை, ஆகவே அந்தக் காணொளிகளில் சொல்கிற விளைச்சல் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். புதர்க் கொம்பில் கையளவு வதை கட்டுவது கொம்புத்தேன். கொட்டாத மிகச் சிறிய ஈயின் தேன் கொஞ்சம் புளிக்கும், அளவு மிகக் குறைவு, சித்த வைத்தியர்கள் தேடிவந்து வாங்குவார்கள். உங்கள் தொழிலுக்கு முதல் இரண்டும்தான் கணக்கில் வரும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை நமக்கு மாரி. அதற்குப் பிறகுதான் பாலை, வீரை, வேம்பு, புளி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். எங்கள் கொள்வனவுப் புத்தகத்தில் பெரும்பகுதி வைகாசி முதல் ஆடி வரைதான். கச்சான் காற்று அனலாக அடிக்கும் அந்த மாதங்களில் வாங்கிய தேன் 19, 20 என்று நிற்கும். மாரி தொடங்கிய பிறகு வந்தவை 22-க்குக் குறைவாக இருந்தது அபூர்வம். மழைக்காலத்தில் யாராவது கொண்டுவந்தால் நாங்கள் வாங்குவதில்லை. மாமிக்கு இரக்கம் வந்து வாங்கினால் வீட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்தில் தேன் எடுப்பவர்கள் பலர் வேடர் வழிவந்த குடும்பங்கள். காட்டைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் தேன் எடுப்பது ஒரு திறமை, அதைப் பழுதாகாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. வதையை முழுதாக வெட்டி, குஞ்சும் மகரந்தமும் சேர்த்துத் துணியில் போட்டுப் பிழிந்தால் அந்தச் சாறெல்லாம் தேனில் இறங்கும். தண்ணீரும் புரதமும் கூடிச் சீக்கிரம் கெடும். பெருந்தேனீ தேனை வதையின் மேற்பகுதியில், கிளையை ஒட்டித் தடித்த பக்கத்தில் வைக்கும். கீழே குஞ்சு. மேல் துண்டை மட்டும் வெட்டி, குஞ்சுப் பகுதியை விட்டுவிட்டால் தேனும் தெளிவு, தேனீயும் பெரும்பாலும் அங்கேயே திரும்பக் கட்டும். வெருகல் பக்கத்து ஐயா ஒருவரிடம் இதைப் பெரிய விஷயமாக விளக்கத் தொடங்கினேன். "பிள்ளை, அது எனக்கும் தெரியும். பிழிஞ்சாத்தான் போத்தல் நிறையும், நீங்க போத்தலுக்குத்தானே காசு தாறியள்" என்றார். தராசும் ரிஃப்ராக்டோமீற்றரும் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியது அன்றுதான்.

அவர் சொன்னதில் இன்னொரு பாதியும் இருந்தது. பழுக்காத தேன் ஏன் வருகிறது? வதை மூடுமுன் அவசரப்பட்டு வெட்டுவதால். ஏன் அவசரம்? நான் விட்டால் இன்னொருவன் வெட்டுவான் என்பது ஒரு காரணம், கரடி முந்திவிடும் என்பது இன்னொன்று. நான் கண்டவரை பெரிய காரணம் கடன். மாரியில் அரிசிக்கும் மாவுக்கும் முற்பணம் கொடுத்த கடைக்காரர் சித்திரை பிறந்ததும் தேன் எங்கே என்று கேட்பார். அந்த மனிதர் கையில் அகப்பட்ட வதையை வெட்டிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். ஆகவே ரிஃப்ராக்டோமீற்றரில் தெரியும் அந்த இலக்கம் தேனீயைப் பற்றி மட்டும் சொல்வதில்லை, காசு எப்படிக் கைமாறியது என்பதையும் சொல்கிறது. நாங்கள் முற்பணம் கொடுத்துத் தேனைக் கட்டிப்போடுவதில்லை. அளந்த இடத்திலேயே கைக்காசு. நீரளவுக்கு மூன்று படி: 20-க்குள் முழு விலை, 20 முதல் 22 வரை குறைந்த விலை, அதற்கு மேல் வாங்குவதில்லை. விலையை வைகாசிக்கு முன்பே சொல்லிவிடுவோம், பருவம் முடியும்வரை மாற்றமாட்டோம். முதல் பருவத்தில் பாதித் தேனைத் திருப்பி அனுப்பினோம், மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாவது பருவத்தில் திருப்பியது ஐந்தாறு வாளிதான்.

காட்டுத் தேனில் சட்டப் பக்கமும் உண்டு. தேசிய பூங்காவுக்குள்ளோ ஒதுக்குக் காட்டுக்குள்ளோ அனுமதி இல்லாமல் போய் எடுப்பது குற்றம். எல்லை எங்கே என்பதில் ஊருக்கும் திணைக்களங்களுக்கும் எப்போதும் இழுபறி இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எங்கே எடுத்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். மரத்தடியில் தீ மூட்டி விட்டுவிட்டு வருபவரிடம் வாங்காதீர்கள். கச்சான் காலத்தில் ஒரு பந்தத்தின் பொறி போதும்.

பெட்டி வைத்திருக்கும் தம்பலகாமத்துக்காரர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. மாரியில் பூ இருக்காது, பெட்டிக்குச் சீனிப் பாணி கொடுத்தே ஆகவேண்டும், அது தவறல்ல. தவறு, பூக்காலம் தொடங்கிய பிறகும் கொடுப்பதும், குஞ்சு வளரும் கீழ்ப் பெட்டியில் தங்கிய பாணியையும் சேர்த்துச் சுழற்றி எடுப்பதும்தான். எப்போது பாணி நிறுத்தினீர்கள், தேன் பெட்டியின் எந்த மரச்சட்டகத்து வதையில் இருந்து, முக்கால்வாசியாவது மெழுகு மூடியிருந்ததா என்று கேளுங்கள். வயலுக்கு மருந்து அடிக்கும் நாட்களையும் கேளுங்கள். பக்கத்து வயல்காரர் பொழுதுபட்ட பிறகு அடிக்கச் சம்மதித்தால் பெட்டி பிழைக்கும். இந்தத் தேனீ பசி வந்தால், எறும்போ மெழுகுப் பூச்சியோ தொந்தரவு செய்தால், சொல்லாமல் கொள்ளாமல் கூட்டமாகக் கிளம்பிவிடும். எங்கள் ஆறு பெட்டியில் நல்ல வருடத்தில் பெட்டிக்கு ஐந்து கிலோ வந்தது, மோசமான வருடத்தில் இரண்டு பெட்டி காலி. நீங்களே வளர்க்க விரும்பினால் பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த தேனை என்ன செய்வது? கொஞ்சமாகச் செய்வதுதான் நல்லது. தேன் அமிலத்தன்மை உள்ளது, நாகம் பூசிய தகர வாளியிலும் செம்பிலும் வைக்காதீர்கள். எவர்சில்வர் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் வாளி. முதலில் பெரிய கண் வடி, பிறகு நெருக்கமான நைலோன் துணி, பிறகு மூடிய வாளியில் நான்கைந்து நாள் அசையாமல் விடுவது. மெழுகுத் தூளும் குமிழும் மேலே வந்துவிடும், அகப்பையால் வழித்து எடுத்துவிட்டு அடிக்குழாயால் போத்தலில் இறக்குங்கள். அடுப்பில் நேராக வைக்கவே வேண்டாம். வடிக்கக் கஷ்டமாக இருந்தால் 40 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் வாளியை நிறுத்துங்கள்.

சூட்டைப் பற்றி ஆய்வுகூடத்தில் கற்றது எனக்கு இங்கேதான் கைகொடுத்தது. தேன் சூடாகும்போதும் பழசாகும்போதும் எச்.எம்.எப். என்றொரு பொருள் கூடும், அது தேனின் புதுத்தன்மை எவ்வளவு போய்விட்டது என்று காட்டும் அளவுகோல். கோடெக்ஸில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் எல்லை, நம்மைப் போன்ற வெப்பநாட்டுத் தேனுக்கு 80 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 30 பாகையில் 30 மில்லிகிராமைத் தொட மூன்று மாதத்தில் இருந்து பத்து மாதம் ஆகும். 40 பாகையில் மூன்று முதல் ஏழு வாரம். 60 பாகையில் ஒன்று இரண்டு நாள். ஆனி மாதத் தகரக் கூரை அறையை நினைத்துப் பாருங்கள். நாங்கள் அந்த அறைக்கு உள்கூரை அடித்து, மேற்குச் சன்னலை மூடினோம். புது லேபலுக்குச் செலவழித்த காசைவிட அது பயன்பட்டது.

21, 22 நீரளவில் வந்ததை வற்றவைக்கலாமா என்றால், கொஞ்சம் வற்றவைக்கலாம். தேன் காற்றில் உள்ள ஈரத்தோடு சமநிலைக்கு வரும். அறைக் காற்றின் ஈரப்பதம் 60 வீதம் என்றால் தேன் 18 வீதத்தை நோக்கி மெல்ல இறங்கும், காற்று மிக ஈரமாக இருந்தால் தேன் தண்ணீர் குடிக்கும். கச்சான் நாட்களின் மத்தியானத்தில் அகன்ற தட்டில் ஊற்றி, வலைத்துணி மூடி, மின்விசிறி போட்டால் இறங்கும். மாரியில் அதையே செய்தால் கெடுத்துவிடுவீர்கள். இப்போது நாங்கள் சிறிய அறையில் ஈரமுறிஞ்சி இயந்திரம் வைத்திருக்கிறோம். கணக்கையும் பாருங்கள்: 22 வீதத்தில் 10 கிலோ வாங்கி 19.5-க்கு இறக்கினால் 9 கிலோ 690 கிராம்தான் மிஞ்சும், 310 கிராம் ஆவியாகப் போகும். மெழுகு, நுரை, வாளியில் ஒட்டியது எல்லாம் கழித்தால் போத்தலுக்குப் போவது 9 கிலோவை ஒட்டித்தான். இந்த ஒரு கிலோவை வாங்கும் விலையில் கணக்கிடாதவர்கள் இரண்டாம் வருடம் கடையை மூடுகிறார்கள். பழுக்காத தேனை மலிவாக வாங்கி இயந்திரத்தால் பழுக்கவைக்கிறவர்களும் உண்டு, மணம் ஒன்றும் இருக்காது. அதை நான் தேன் வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

பதிவு விஷயம் பெரிய சிக்கல் இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், உள்ளூராட்சிச் சபையில் வியாபார அனுமதி எடுங்கள், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபலில் என்னென்ன இருக்கவேண்டும் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அச்சடிக்க முன்பே காட்டுங்கள். அவர் வரட்டும் பார்ப்போம் என்று இருப்பதைவிட நீங்களாகப் போவது எல்லா வகையிலும் மலிவு. ஒன்று மட்டும் யாரும் கேட்காவிட்டாலும் அச்சடியுங்கள்: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துக்கள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். பிறந்த பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. அதற்கென்றே வாங்க வந்தவர்களிடம் விற்க மறுத்து ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இனி விற்பனை. இதில் எங்களுக்குச் சரிவந்ததை மட்டும் சொல்கிறேன். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளியில் வெளிநாட்டவர் வருவார்கள், சின்னப் போத்தல் அங்கேதான் போகும். கிண்ணியா, மூதூரில் நோன்பு மாதம் முழுவதும் கேட்பார்கள், கருஞ்சீரகத்தோடு சாப்பிட வாங்குபவர்கள் பெரிய போத்தலாகவே எடுப்பார்கள். கோயில்களுக்கு அபிஷேகத்துக்குப் போகும். பிறகு கிண்ணியாத் தயிர்ச்சட்டி விற்பவர்கள். பாணிக்குப் பதில் தேன் விட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கடையில் வைத்தோம், நன்றாகத்தான் போனது. கடைகளுக்கு 'விற்ற பிறகு காசு' என்று கொடுக்காதீர்கள். நகரத்தில் ஒரு கடை எங்கள் 40 போத்தலை விற்று முடித்து, காசுக்கு ஒன்பது மாதம் நடக்கவைத்தது. அந்த ஒன்பது மாதமும் நாங்கள் காட்டில் கைக்காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் சில, நான் உறுதியாகப் பதில் சொல்லாதவை. காட்டுத் தேன் பெட்டித் தேனைவிடச் சத்தானதா? நிறமும் மணமும் வேறுபடும், அது பூவைப் பொறுத்தது. அதற்கு மேல் சொல்வது வியாபாரப் பேச்சு. பழைய தேன் மருந்துக்கு நல்லதா? சித்த வைத்தியத்தில் அதற்கொரு கணக்கு இருக்கிறது, வைத்தியரைக் கேளுங்கள் என்பேன். உணவுத் தரத்தின் கணக்கில் பழசானால் தரம் இறங்கும். நீரிழிவுக்காரர் சாப்பிடலாமா என்றால், தேனும் சீனிதான், மருத்துவரிடம் போங்கள். நோய் தீர்க்கும் என்று லேபலில் ஒரு எழுத்தும் போடாதீர்கள். ஆனால் பிரிட்ஜில் வைத்த தேன் கற்கண்டு போல உறைந்ததால் சீனி கலந்தது என்று சண்டைக்கு வந்தால் அங்கே உறுதியாக நில்லுங்கள். உறைவது தேனின் இயல்பு, 14 பாகை அளவில்தான் மிக விரைவாக உறையும். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் அனுப்பினால் இந்தத் தொலைபேசி அழைப்பு வந்தே தீரும்.

வருமானம் போதுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இரண்டு பருவத்துக்கு இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, கட்டாரில் சேர்த்ததில் பாதியைத் தொடாமல் வையுங்கள். முதல் பருவத்தில் 100 கிலோவுக்கு மேல் வாங்கவேண்டாம். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு இலக்கம் போட்டு, எடுத்தவர் பெயர், இடம், திகதி, நீரளவு எழுதி, வாளிக்கொரு சின்னப் போத்தல் மாதிரி எடுத்து வையுங்கள். இரண்டு பேருடைய தேனைக் கலக்காதீர்கள். ஏதாவது பொங்கினால் எந்த வாளி என்று தெரிய வேண்டும்.

அதற்கு முன் சித்திரையில் ஒருமுறை வெருகல் பக்கம் போய்வாருங்கள். விலை பேச அல்ல. மூடியோடு கழுவிக் காயவைத்த இரண்டு வாளியும் ஒரு நல்ல வடியும் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்கள் தேன் எடுக்கும் இரவில் கூடப் போகலாமா என்று கேளுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வாசனைப் பொருள் எதுவும் பூசாதீர்கள். மரத்தில் ஏறுபவர் கீழே இறங்கும்வரை பேசவேண்டாம்.